உப்புக்காற்றும் உப்புத்தாளும்

இந்தக் கட்டுரை ஒரு வரவேற்பறையைப் பற்றியது. உச்சிப்புளியிலிருந்து அரியமான் கடற்கரைக்குப் போகும் வழியில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில், இரண்டு அறைகளும் ஒரு திண்ணையும் கொண்ட தங்கும் குடில் ஒன்றின் வரவேற்பறை. சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம், யாராவது பீரோவுக்கு எழுதுவார்களா என்று கேட்கலாம். எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாவலை வாழ்நாளில் இரண்டு முறை தொட்டால் அதிகம். மேசையை ஒரு நாளைக்கு நாற்பது முறை தொடுகிறோம். இவ்வளவு தொடுகிற ஒன்றைப் பற்றி நமக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லாமல் இருப்பதுதான் விசித்திரம்.

குடில் என் சித்தப்பாவுடையது. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். அந்த அறையில் நடந்த தப்புக்கு நானும் உடந்தை.

அறையில் இரண்டு பொருட்கள் எதிரெதிரே இருக்கின்றன. இடப்பக்கம் ஒரு வெள்ளை அலமாரி. பைன் மரம். அளவு கொடுத்துச் சொல்லிச் செய்தது. மங்கலான சுண்ணாம்பு வெள்ளையில் பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு விளிம்புகளையெல்லாம் தேய்த்து, அடிமரம் திட்டுத்திட்டாகத் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். ‘டிஸ்ட்ரெஸ் ஃபினிஷ்’ என்று பெயர். வயது ஒன்றரை வருடம். பார்த்தால் அறுபது சொல்லலாம். வலப்பக்கம் என் அய்யாவின் கல்லாப்பெட்டி. (அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அய்யா என்போம்.) அதன் நிஜ வயது அறுபதுக்கு மேல். இப்போது பார்த்தால் நேற்று ஷோரூமிலிருந்து இறக்கியது போல இருக்கிறது. பி.யு. கோட்டிங். மூடியில் ட்யூப் லைட் தெரிகிறது, குனிந்தால் நம் முகம் தெரிகிறது.

புது மரத்துக்குப் பழமையைப் பூச ஒரு கூலி. பழைய மரத்திலிருந்து பழமையைச் சுரண்டி எடுக்க இன்னொரு கூலி. ஒரே பட்டறை, ஒரே பில், அடுத்தடுத்த வரிகள். நான் அந்த பில்லைப் பார்த்தேன். ஓகே என்று வாட்ஸப்பில் கட்டைவிரலும் போட்டேன்.

வெள்ளை அலமாரி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு யோசனை சொன்னது நான். யோசனைக்கு நான் போனது பின்ட்ரெஸ்டுக்கு. அங்கே ‘லேக் ஹவுஸ்’ என்று தேடினால் வட அமெரிக்காவின் ஏரிக்கரைக் குடில்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழும். வெள்ளை மரம், நீல மெத்தை, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். அந்த அழகுக்கு ஒரு காரணம் உண்டு. கோடையில் மட்டும் போய்த் தங்கும் அந்தக் குடில்களுக்கு ஊர் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களை ஏற்றி அனுப்புவார்கள். பாட்டியின் பழைய அலமாரிக்கு மிச்சமிருக்கும் பெயிண்டை அடிப்பார்கள். ஈரக்கால் பிள்ளைகள் மோதி மோதி, பத்து வருடத்தில் அது ஒரு மாதிரித் தேய்ந்து நிற்கும். சிக்கனமும் அலட்சியமும் சேர்ந்து உண்டான தோற்றம் அது. பிறகு யாரோ அதைப் படம் பிடித்தார்கள், யாரோ அதற்குப் பெயர் வைத்தார்கள், அது ஒரு ஃபினிஷ் ஆகிவிட்டது. எங்கள் ராமநாதபுரத்தில் ஏரி என்றே சொல்வதில்லை, கண்மாய்தான். வருடத்தில் பாதி நாள் அதில் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலம்தான் அதிகம் இருக்கும். கண்மாய்க் கரையில் குடில் கட்டினால் கொசுதான் வரும். ஆகவே அந்த ஏரிக்கரைப் படத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கடற்கரையில் வைத்துவிட்டோம்.

போலித் தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அது எல்லா விளிம்பிலும் ஒரே அளவில் தேய்ந்திருக்கும். நிஜப் பொருள் அப்படித் தேயாது. கை படும் இடத்தில்தான் தேயும். கைப்பிடியைச் சுற்றி, பூட்டைச் சுற்றி, கால்விரல் இடிக்கிற அடிச்சட்டத்தில். மற்ற இடமெல்லாம் அப்படியே கிடக்கும். அய்யாவின் பெட்டி மூடியில் இடது ஓரம் ஒரு சாண் அகலத்துக்குக் குழிந்திருந்தது. அவர் வலக்கையால் சில்லறை எண்ணிக்கொண்டே இடக்கையால் மூடியைத் தூக்குகிறவர். மண்டபத்தில் அவர் வைத்திருந்த பலசரக்குக் கடையில் முப்பது வருடம் அந்தக் கை அந்த ஓரத்தில் பட்டிருக்கிறது. அவரை நான் பார்த்ததில்லை. அவர் இடக்கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது.

இப்போது அந்தக் குழியை மக்கு வைத்து நிரப்பிச் சமமாக்கிவிட்டார்கள். ‘டேமேஜ் சரிசெய்தல்’ என்று பில்லில் இருக்கிறது.

*

பெட்டி இரண்டு மரங்களில் செய்தது. உடம்பு பூவரசு. மூடி மட்டும் தேக்கு. பழைய கதவுப் பலகை ஒன்றை அறுத்துப் போட்டது. இந்தக் கரையின் சொந்த மரங்கள் கொஞ்சம்தான்: கூரைக்குப் பனங்கை, கட்டிலுக்கும் வண்டிக்கும் பூவரசு, வள்ளத்துக்குப் புன்னை, கதவுக்கு வேம்பு. தேக்கு இங்கே எப்போதுமே வந்தேறி. தேக்கு வந்தால் செட்டிநாட்டு வழியாக வரும், அல்லது கீழக்கரை மாதிரியான துறைகளில் கப்பல் வைத்திருந்தவர்கள் வழியாக வரும். பழைய வரைபடத்தில் இரண்டும் ஒரே மாவட்டம்தான். 1985இல்தான் சிவகங்கை தனியாகப் பிரிந்து காரைக்குடி அந்தப் பக்கம் போனது.

இன்றைக்கும் தேக்கு அந்த வழியாகத்தான் வருகிறது. இரண்டாவது கையாக. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தூண், நிலை, கதவு, ஊஞ்சல் பலகை, பெட்டகம், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா அச்சுப்படம், யார் வீட்டுத் தாத்தா என்று தெரியாத ஒரு தாத்தாவின் புகைப்படம், எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு வீட்டைப் பிரித்தால் என்னவெல்லாம் கிடைக்கும் என்பதன் முழுப் பட்டியல் அந்தத் தெரு. சித்தப்பா அங்கிருந்து ஒரு ஒற்றைக் கதவை வாங்கி வந்தார். அது இப்போது நான்கு இரும்புக் கால்களின் மேல், கண்ணாடிக்கு அடியில், சாப்பாட்டு மேசை. விருந்தாளிகளிடம் சித்தப்பா சொல்வது: “நூறு வருஷத்து பர்மா தேக்கு.” நாதாங்கி மாட்டும் துளை தட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. சாம்பார் ஊற்றும்போதெல்லாம் என் கண் அங்கே போகிறது.

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014இலேயே சேர்த்தாயிற்று. பட்டியல் ஒருபக்கம் இருக்க, வீடு பிரிப்பதும் நடக்கிறது. அதற்காக விற்றவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள், ஆளுக்கு ஒரு ஊர், ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் வேண்டும். நான் பங்காளியாக இருந்தாலும் விற்றிருப்பேன். என் புகார் வேறு. ‘பர்மா தேக்கு’ என்ற அந்தச் சொல்லின் மேல் போட்டிருக்கும் பாலிஷைப் பற்றியது.

அந்த மரத்தை வாங்கிய பணம் எப்படி வந்தது என்பது ரகசியம் அல்ல. கீழ் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தது செட்டியார்களின் பணம். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டின் கடைசியில் அது 25 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அவர்களும் விரும்பி நிலம் வாங்கவில்லை, வட்டிக்காரனுக்கு நெல் வயல் ஒரு தலைவலி என்பது உண்மைதான். ஆனாலும் வயல் போனவன் வயல் போனவன்தான். பிறகு ஜப்பான்காரன் வந்தான், யுத்தம், 1948இல் பர்மிய அரசின் நில தேசியமயச் சட்டம். கொடுத்தவர்களும் இழந்து நடந்தே திரும்பினார்கள். அந்த இரண்டு இழப்புகளுக்கும் நடுவில் நின்ற பொருள் அந்தக் கதவு. நமக்கு வந்து சேரும்போது அதில் மீதமிருப்பது ‘ஹெரிடேஜ்’ என்ற ஒரு மினுமினுப்பு.

ஒரு மேசையில் இவ்வளவையும் எழுதி ஒட்ட முடியாது. தெரியும். சாப்பிட வந்தவனிடம் ரங்கூன் வட்டிக் கணக்கைச் சொன்னால் அடுத்த தடவை வரமாட்டான். ஆனால் கதவைக் கதவாகவாவது விட்டிருக்கலாம். குடிலுக்கு ஒரு வாசல் இருக்கிறதே. அங்கே போட்டது புதிதாக வாங்கிய ஃப்ளஷ் டோர்.

*

இனி பாலிஷ் விவகாரம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய பாலிஷ் என்பது அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி சுரக்கும் பிசின். அதை உருக்கித் தகடாக்கி நொறுக்கினால் அவலரக்கு. அதை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பஞ்சைத் துணியில் சுற்றிய ஒரு சிறு மூட்டையால், கையை நிறுத்தாமல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். மெல்லிய கோட். காய்ந்ததும் இன்னொன்று. இப்படிப் பல கோட்டுகள், பல நாட்கள். இதைத்தான் ஊரில் ஸ்பிரிட் பாலிஷ் என்றும் பிரெஞ்சு பாலிஷ் என்றும் சொன்னார்கள்.

அரக்குக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்து ஐம்பது வருடம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். புதிய கோட் பழைய கோட்டைக் கொஞ்சம் கரைத்து அதனோடு சேர்ந்துவிடும். ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். தப்பாகிவிட்டால் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம், அடியில் இருக்கும் மரத்தைத் தொடாமலேயே.

பி.யு. அப்படி இல்லை. இரண்டு திரவங்களைக் கலந்து தெளித்ததும் அவை ஒன்றோடொன்று பிணைந்து ஒரே பிளாஸ்டிக் படலமாக இறுகிவிடும். பிறகு எந்த ஸ்பிரிட்டுக்கும் மசியாது. சூடான டம்ளர் வைக்கலாம், தண்ணீர் கொட்டலாம். ஆனால் ஒரு மூலையில் விட்டுப்போனால் அந்த மூலையை மட்டும் சரிசெய்வது நடக்காத காரியம். மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டு மரம் வரைக்கும் தேய்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மரம் கொஞ்சம் போகும்.

பாலிஷ் போட்ட அண்ணனிடம் இதைப் பிற்பாடு கேட்டேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். “தம்பி, நீங்க சொல்ற ஸ்பிரிட் பாலிஷ் கடற்கரைக்கு ஆகாது. ஒரு மழைக்காலம் தாங்காது, வெள்ளை வெள்ளையாப் பூத்துரும். அப்புறம் சித்தப்பா என்னைத்தான் ஏசுவாரு. வருஷா வருஷம் வந்து தேய்க்கக் கூப்பிடுவாரா? கூப்பிட மாட்டாரு.”

அவர் சொன்னது முழுக்க நியாயம். ஈரம் அரக்கின் எதிரி. இந்தக் கரையின் காற்று லேசுப்பட்டது அல்ல. காரைக்குடியில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது. அந்த ஆய்வகம் உலோகங்கள் எவ்வளவு வேகமாக அரிக்கின்றன என்று அளந்து பார்க்க இடம் தேடி வந்தது எங்கள் மண்டபத்துக்குத்தான். அரிப்புக்கு அவ்வளவு தோதான ஊர். பழைய கதவை அனுப்புகிற ஊரும், அந்தக் கதவின் ஆணி இங்கே எப்படித் துருப்பிடிக்கும் என்று கணக்கெடுத்த ஊரும் ஒன்றே என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் அண்ணன் சொன்னதின் உண்மையான கனம் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. வருடா வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு தடவை செலவு செய்துவிட்டு மறந்துவிட வேண்டும், அதுதான் நமக்கு வேண்டியது. பி.யு.வை நாம் வாங்குவது அழகுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. இனி அந்தப் பொருளைக் கவனிக்க வேண்டாம் என்ற நிம்மதிக்காக வாங்குகிறோம்.

இதே கரையில் இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று உண்டு. மரத்துக்கும் உப்புக்கும் இடையிலான சண்டையை உண்மையில் அறிந்தவர்கள் படகு கட்டுகிறவர்கள். மரப்படகுக்கு நிரந்தரப் பூச்சு என்று ஒன்று கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். மீன் எண்ணெய், குங்கிலியம், முந்திரிக்கொட்டை எண்ணெய் என்று எதையாவது காய்ச்சிப் பூசுவார்கள். அடுத்த வருடம் கரையேற்றி, ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, பலகைக்கு இடையில் பஞ்சு அடைத்துக் கலப்பத்து பார்த்து, மறுபடி பூசுவார்கள். இப்போதும் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்கள், பாம்பனிலும் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் கரையில் நடப்பது இதுதான். விசைப்படகுகளில் ஃபைபரும் வந்துவிட்டது, பெயிண்டும் டப்பாவில் வருகிறது, ஆனால் முறை அதேதான். கெட்டுப்போகும் என்று ஒப்புக்கொண்டு செய்கிற வேலை. அப்துல் கலாமின் தந்தை யாத்ரீகர்களை தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போக ஒரு மரப்படகு கட்டியதும், அதைப் புயல் கொண்டுபோனதும் ‘அக்னிச் சிறகுகள்’ படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கடலோரத்தில் மரம் என்றால் அதுதான் நிலைமை. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு நிற்கிற தேவாலயச் சுவரைப் பாருங்கள். பவளக்கல் நிற்கிறது. கூரையும் கதவும் எங்கே?

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். என் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு: எதைச் செய்தாலும் திரும்பப் பழையபடி ஆக்க வழி வைத்துவிட்டுச் செய். ஒரு வரியை மாற்றினால் யார் மாற்றினார், எப்போது, முன்னே என்ன இருந்தது என்று எல்லாம் பதிவில் இருக்கும். பத்து வருடமாக இந்த ஒழுக்கத்தில் வேலை பார்க்கிற நான், என் அய்யாவின் பெட்டியை மட்டும் பேக்கப் எடுக்காமல் அழித்தேன்.

*

அழிந்தது என்ன என்று இன்னும் சொல்லவில்லை. மூடியின் உள்பக்கம் எழுத்து இருந்தது. ஊதாப் பென்சில். நாக்கில் தொட்டு எழுதினால் மை போலப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பென்சில். கடைக்குக் கடன் சொன்னவர்களின் கணக்கு. நோட்டும் இருந்திருக்கிறது, ஆனால் அவசரத்துக்கு மூடி. பெயர்கூட எழுதமாட்டார், ஆளுக்கு ஒரு அடையாளம்தான். ‘சுக்கான் உடைந்தவன்’, ‘தெற்கு வாடி’, ‘ஒத்தை மாடு’. பக்கத்தில் கயிறு, அரிசி, மண்ணெண்ணெய், தொகை. அடைந்த கடனுக்குக் குறுக்கே ஒரு கோடு. அடையாததற்குக் கோடு இல்லை.

பட்டறையில் மூடியைக் கழற்றி இரண்டு பக்கமும் மெஷின் போட்டிருக்கிறார்கள். பிறகு பூவரசும் தேக்கும் வேறு வேறு நிறமாகத் தெரிகிறதே என்று மொத்தத்துக்கும் வால்நட் நிறச் சாயம். சித்தப்பா வீடியோ காலில் காட்டினார். “பாத்தியா, உள்ள எம்புட்டு கிறுக்கி வச்சிருந்தாரு. ஒரு பொட்டு இல்லாம எடுத்துட்டாங்கெ.” சூப்பர் சித்தப்பா என்றேன். மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் உறைத்தது.

இந்த இடத்தில் உ.வே.சாமிநாதையர் ஞாபகத்துக்கு வருகிறார். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவர் கையில் கிடைத்த ஏடுகளில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. அவருக்கு இருந்த புலமைக்கு அந்த இடங்களில் ஒரு சொல்லை வைத்துப் பூசியிருந்தால் அன்றைக்கு யாருக்குத் தெரிந்திருக்கும்? அவர் இடைவெளியை இடைவெளியாகவே விட்டார். பாடபேதங்களைக் கீழே கொடுத்தார். இன்றைக்கும் 266க்குப் பிறகு 269க்குப் போகிறோம், செல்லு தின்ற இடம் எண்ணாக நிற்கிறது. ஆனால் அவர் ஏட்டை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டும் போகவில்லை. சொல் பிரித்து, உரை சேர்த்து, குறிப்பு எழுதி, அச்சில் படிக்கிறபடி ஆக்கிக் கொடுத்தார். பழுதுபார்ப்பதும் பழுதை மறைப்பதும் வேறு வேறு வேலை என்பதற்கு நம் மொழியிலேயே இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. (இந்த இடத்தில் ஜப்பானியர்கள் உடைந்த கோப்பையைத் தங்கத்தால் ஒட்டுவதைச் சொல்வது வழக்கம். அதைச் சொல்லாத கட்டுரை ஒன்றாவது இருக்கட்டும்.)

மேற்கிலும் இந்தச் சண்டை பழையதுதான். இங்கிலாந்தில் தேவாலயங்களைப் ‘புதுப்பிக்கிறேன்’ என்று சுவரைச் சுரண்டித் தள்ளியவர்களுக்கு எதிராக வில்லியம் மோரிஸ் 1877இல் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் செல்லப்பெயரே ‘சுரண்டாதே’ என்ற பொருளில்தான். மோரிஸ் நாற்காலியும் சுவர்த்தாளும் செய்து விற்றவர். அதனால் அவர் பேச்சில் எனக்கு நம்பிக்கை உண்டு.

எதிர்க்கரையில் நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜெஃப்ரி பாவா என்ற இலங்கைக் கட்டடக் கலைஞர், பெந்தோட்டை அருகே தெதுவ ஏரிக்கரையில் லுனுகங்க என்ற தோட்ட வீட்டைத் தன் வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்தார். உண்மையான ஏரிக்கரைக் குடில் என்றால் நமக்குப் பக்கத்தில் அதுதான். படங்களில் பார்த்தால் கண்டுகண்டான பழைய நாற்காலிகள், ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, யாரும் அவற்றை ஒரே நிறத்துக்குக் கொண்டுவர முயலவில்லை. அவர் 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு 2009இல் விற்கப்பட்டு இடிபட இருந்தது. அதைக் கல் கல்லாக, மரம் மரமாக, எண் போட்டுப் பிரித்து, லுனுகங்கவில் கொண்டுபோய் அதே வரிசையில் மறுபடி கட்டினார்கள். முடிய 2016 ஆனது. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவிலும் இதே போல ஒரு செட்டிநாட்டு வீடு இடம்பெயர்ந்து நிற்கிறது. அவர்களுக்கெல்லாம் அறக்கட்டளை இருக்கிறது, நன்கொடை இருக்கிறது. சித்தப்பாவுக்கு வங்கிக்கடன் இருக்கிறது. ஒப்பிடுவது நியாயம் இல்லை. ஆனால் எண் போட ஒரு சாக்பீஸ் போதும். மூடியின் உள்பக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல அந்தச் சாக்பீஸ்கூட வேண்டாம்.

*

இதுவரைக்கும் எழுதியதை அப்பத்தாவிடம் சொன்னேன். இவ்வளவு விளக்கமாக இல்லை. பெட்டிக்குள்ளே அய்யா எழுதியதெல்லாம் போய்விட்டது, என் தப்புதான் என்றேன். அவருக்கு எண்பத்தி நான்கு வயது. வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

“போகட்டும்டா. கடன்காரப் பயலுகளுக்கெல்லாம் விடுதலை.”

நான் யோசித்து வைத்திருந்த வாதம் அந்த இடத்தில் தடுமாறியது. இன்றும் முழுதாக எழுந்து நிற்கவில்லை. நான் அழகு என்று பார்த்த அந்த ஊதா எழுத்து, அந்தப் பக்கத்தில் நின்றவனுக்கு என்னவாக இருந்திருக்கும்? சுக்கான் உடைந்தவன் கடைக்கு வரும்போதெல்லாம் அய்யா மூடியைத் திறப்பார். அவன் கண் முன்னே அது திறக்கும். அவன் பேரன் இப்போது என்னைப் போலச் சென்னையில் எங்காவது வேலை பார்க்கலாம். என் சித்தப்பாவின் குடிலுக்கே அறை எடுத்து வரலாம். அவனுடைய தாத்தா கொடுக்காமல் போன கயிற்றுக் காசை நான் பாரம்பரியம் என்று பாதுகாத்து, ஃபோகஸ் லைட் போட்டுக் காட்டினால், அது என்ன ரசனை?

பர்மா தேக்கின் மேல் கடன் கணக்கு தெரியவில்லையே என்று செட்டிநாட்டைக் கேட்டவன் நான். என் வீட்டுக் கடன் கணக்கை மட்டும் கவிதையாகப் பார்த்தேன்.

இருந்தாலும் அப்பத்தா சொன்ன விடுதலையை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கடனைத் தள்ளுபடி செய்ய அய்யாவுக்கு ஒரு வழி இருந்தது. குறுக்கே ஒரு கோடு. அவர் போடவில்லை, அல்லது போட மனம் வரவில்லை, அல்லது மறந்துவிட்டார். கோடு போடுவது வேறு, உப்புத்தாள் போடுவது வேறு. கோடு போட்டால் கடன் இருந்தது என்பதும் தெரியும், தீர்ந்தது என்பதும் தெரியும். மெஷின் போட்ட பிறகு கொடுத்தவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை, வால்நட் நிறம்தான் இருக்கிறது. அப்பத்தாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், “அப்ப நீயே போய் கோடு போட்டுட்டு வந்திருக்கலாம்ல, இத்தனை வருஷமா அங்கனதான கெடந்துச்சு” என்பார். உண்மைதான், கிடந்தது. பரணுக்குக் கீழே, மேலே பழைய சாக்குகளோடு, நாங்கள் யாரும் திறக்காமல்.

போன ஐப்பசி மழையில் பெட்டியின் பின்பக்கக் கீலைச் சுற்றிப் படலம் உப்பிவிட்டது. பழைய பித்தளைத் திருகாணிகளை எடுத்துவிட்டுப் புது இரும்புத் திருகாணி போட்டிருக்கிறார்கள். அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி, துரு கசிந்து, கண்ணாடி மாதிரி இருந்த மூடியில் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்பழுப்புத் திட்டு. அண்ணன் வந்து பார்த்தார். அந்த இடத்தை மட்டும் செய்ய முடியாது, முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும் என்றார். சித்தப்பா எஸ்டிமேட்டை எனக்கு அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை அரக்கு போடலாம், வருடத்துக்கு ஒருமுறை நானே வந்து தேய்க்கிறேன் என்று பதில் எழுதினேன். “நீ பொங்கலுக்கே வர்றதில்ல” என்று ஒரு வரி வந்தது.

பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னால் அளவுக்காக எடுத்த படம் ஒன்று என் ஃபோனில் இருக்கிறது. மூடியைத் திறந்து, குறுக்கே மஞ்சள் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து எடுத்தது. வெளிச்சம் போதாது. பெரிதாக்கினால் மூன்று வரிகள் படிக்க முடிகிறது. இரண்டுக்குக் குறுக்கே கோடு இருக்கிறது. மூன்றாவது, சுக்கான் உடைந்தவன், கயிறு ஒரு சுருள். தொகை டேப்புக்கு அடியில் இருக்கிறது.